துவாஸில் ஒரு மோதல் சோதனை: சேவை பற்றிய மதிப்புரை

ஒரு கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் பாரந்தூக்கியின் அடித்தாங்கிக்காக எங்கள் சிங்கப்பூர் ஜூரோங் பட்டறையில் வாங்கிய எஸ்355 ஜே2 தர எஃகுத் தகட்டைச் சென்ற மாதம் துவாஸில் உள்ள ஓர் உலோகச் சோதனைக்கூடத்தில் சார்பி மோதல் சோதனைக்குக் கொடுத்தோம்; வெட்டுப் போட்ட சிறு துண்டை ஊசல் சம்மட்டியால் ஒரே அடியில் உடைத்து, உடைய எவ்வளவு ஆற்றல் பிடித்தது என்று அளக்கும் சோதனை அது. ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் ஊரில் எஃகை -20 டிகிரியில் எதற்காகச் சோதிக்க வேண்டும் என்று பட்டறையில் சிலர் கேட்டார்கள். கப்பல் இங்கேயே நிற்கப்போவதில்லை; குளிரில் எஃகு எளிதில் நொறுங்கும். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறையில் கட்டியிருந்த ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல், அலையே இல்லாத நீரில் இரண்டாகப் பிளந்ததை இத்தொழிலில் இருப்பவர்கள் மறக்கக்கூடாது.

மெதுவாக இழுத்தால் இதே எஃகு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீண்ட பிறகுதான் அறும். திடீரென அடி விழும்போதோ உலோகத்தின் உள்ளே அணு அடுக்குகள் நழுவ நேரம் கிடைப்பதில்லை. வளையத் தொடங்குவதற்கே கூடுதல் விசை தேவைப்படுகிறது, அதற்குள் விரிசல் ஓடிவிடுகிறது. குளிரும் கூர்மையான வெட்டும் அந்த விரிசலுக்கே துணைபோகின்றன.

55 மில்லிமீட்டர் நீளமும் 10 மில்லிமீட்டர் சதுரமுமான துண்டுகளில் 2 மில்லிமீட்டர் ஆழ வெட்டை அவர்கள் மிகச் சுத்தமாகப் போட்டிருந்தார்கள். குளிர்த்தொட்டியிலிருந்து இடுக்கியால் எடுத்த துண்டை ஐந்து நொடிக்குள் உடைத்தாக வேண்டும் என்பதால், சோதனை செய்த இளைஞர் ஒவ்வொரு முறையும் மூச்சடக்கி நின்றே வேலை செய்தார். விநாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தில் ஊசல் சம்மட்டி இறங்கியது.

மூன்று துண்டுகளும் உடையப் பிடித்த ஆற்றல் 33, 30, 20 ஜூல் என்று வந்தது. சராசரி, தேவையான 27-க்கு மேல் இருந்தது; தனித்துண்டு ஒன்று 27-க்குக் கீழே போனாலும் அதில் எழுபது சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும் என்பதால் தகடு தேறிவிட்டது. பலர் அத்துடன் முத்திரை குத்தி அனுப்பியிருப்பார்கள். அவரோ, "கணக்கை அப்புறம் பார்க்கலாம் அண்ணே, இதைப் பாருங்க" என்று மூன்றாவது துண்டை விளக்கடியில் வைத்தார். மற்ற இரண்டின் முறிவு முகமும் சாம்பல் நிறத்தில் நார்நாராக, ஓரங்கள் பிதுங்கி இருந்தது. இது மட்டும் உடைத்த கற்கண்டுபோல் தட்டையாக மின்னியது. தகட்டின் மறுமுனையிலிருந்து இன்னும் மூன்று துண்டுகள் எடுக்கும்படி அவரே சொன்னார். அவை மூன்றும் 30-க்கு மேல் நின்றன. முதலில் வெட்டிய பகுதியை நாங்கள் ஒதுக்கிவிட்டோம். இந்தக் கவனத்துக்காகவே நான் மறுபடியும் அங்கு போவேன்.

அறிக்கை அந்தத் தரத்தில் இல்லை. சம்மட்டி முனையின் ஆரம் 2 மில்லிமீட்டரா 8 மில்லிமீட்டரா என்பதும், முறிவு முகத்தில் நார்ப்பகுதி எத்தனை சதவீதம் என்பதும் விடுபட்டிருந்தன; இரண்டு முறை எழுதிக் கேட்ட பிறகே சேர்த்துத் தந்தார்கள். இன்னும் பன்மடங்கு வேகமான மோதலுக்குரிய ஹாப்கின்சன் தண்டுச் சோதனை இந்தக் கூடத்தில் கிடையாது. உடைந்த துண்டுகளைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்புப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாததால் எங்கள் முதல் மூன்றும் கழிவுத்தொட்டிக்குப் போய்விட்டன.