மூன்று வகை கீட்டோன் மீட்டர்: விரல் வீங்கியவர்களுக்கு எது ஒத்துவரும்?

முடக்கு வாதமோ சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸோ உள்ளவர்கள் மாவுச்சத்தைக் குறைத்து, கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் கீட்டோ உணவைத் தொடங்கியதும் வாங்கத் தேடுகிற முதல் பொருள் கீட்டோன் மீட்டர். இந்தக் கருவிகளைப் பற்றி வரும் மதிப்பீடுகள் பெரும்பாலும் உடல் எடை குறைக்க நினைப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. காலையில் ஒரு மணி நேரம் கை மடங்காமல் கிடக்கிறது, மூட்டு நோய்க்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், கூடவே சல்ஃபாசலசின், அவ்வப்போது ஸ்டீராய்டு, போதாக்குறைக்கு ரத்தசோகை என்று இருப்பவருக்கு அந்த மதிப்பீடுகள் அதிகம் உதவாது. இந்த மருந்துகளும் இந்த விரல்களும் கருவியின் ரீடிங்கையே மாற்றக்கூடியவை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்குவதானால் ரத்தத்தில் பார்க்கும் மீட்டர். சிறுநீர் ஸ்ட்ரிப் முதல் இரண்டு வாரத்துக்குப் போதும், அதுவும் சல்ஃபாசலசின் சாப்பிடாதவர்களுக்கு மட்டும். ஊதிப் பார்க்கும் கருவிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

உடல் மாவுச்சத்து கிடைக்காமல் கொழுப்பை எரிக்கும்போது ஈரலில் கீட்டோன் எனப்படும் மூன்று பொருள்கள் உருவாகின்றன: பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட், அசிட்டோ அசிட்டேட், அசிட்டோன். ரத்த மீட்டர் முதலாவதை அளக்கிறது, சிறுநீர் ஸ்ட்ரிப் இரண்டாவதை, ஊதும் கருவி மூன்றாவதை. மூன்றும் ஒன்றாகவே ஏறி இறங்குவதில்லை என்பதால், ஒரே நாளில் மூன்று கருவியும் மூன்று விதமாகச் சொன்னால் ஏதோ ஒன்று பழுது என்று நினைக்க வேண்டியதில்லை. உணவால் கீட்டோன் ஏறும் நிலைக்கு (கீட்டோசிஸ்) ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 முதல் 3.0 மில்லிமோல் வரை என்பது வழக்கமான வரம்பு.

சிறுநீர் ஸ்ட்ரிப் எளிது, ஊசி குத்த வேண்டாம், கை நடுங்கினாலும் செய்யலாம். நனைத்து, டப்பாவில் போட்டிருக்கும் நொடிக்கணக்குக்குக் காத்திருந்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளுக்கு அது 15 முதல் 40 நொடி. அதைத் தாண்டிப் பார்த்தால் நிறம் மேலும் கருத்து, இல்லாத கீட்டோனைக் காட்டும். மூட்டு நோயாளிகளுக்குச் சிக்கல் மருந்தில்தான் தொடங்குகிறது. சல்ஃபாசலசின் சிறுநீரை ஆரஞ்சு கலந்த மஞ்சளாக்கும். அந்த நிறத்தின் மேல் இளஞ்சிவப்பா ஊதாவா என்று பிரித்துப் பார்ப்பது நம்பத்தக்க வேலை இல்லை. முடக்கு வாதத்துக்கு முன்பு அதிகம் கொடுக்கப்பட்டு, இன்றும் சிலர் எடுத்துக்கொள்ளும் பெனிசிலமைன் அந்த வேதிவினையிலேயே குறுக்கிட்டு, கீட்டோன் இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டக்கூடும். ரத்த அழுத்தத்துக்கான கேப்டோபிரில் மாத்திரைக்கும் இதே குணம் உண்டு. வைட்டமின் சி-யை அதிக அளவில் விழுங்குகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறாக, இருக்கும் கீட்டோன் தெரியாமல் போகலாம்.

மருந்து எதுவும் குறுக்கிடாவிட்டாலும் சில வாரங்களில் ஸ்ட்ரிப் வெளுக்கத் தொடங்கும். உடல் கீட்டோனைப் பயன்படுத்தப் பழகிவிட்டதால் சிறுநீரில் வீணாகப் போவது குறைகிறது. உணவுமுறை பலிக்கும் நேரத்தில் இதைத் தோல்வி என்று எண்ணி, இருக்கிற கொஞ்சம் காய்கறியையும் நிறுத்துபவர்கள் பலர். அதைச் செய்யாதீர்கள். நிறைய தண்ணீர் குடித்த நாளிலும் நிறம் வெளுக்கும்.

ஊதும் கருவியை மறுபடி மறுபடி பயன்படுத்தலாம், ஸ்ட்ரிப் செலவு கிடையாது. அதுதான் அதன் ஒரே கவர்ச்சி. மலிவான மாடல்களின் சென்சாருக்கு அசிட்டோனும் ஆல்கஹாலும் ஒன்றுபோலத்தான். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷில் வாய் கொப்பளித்துவிட்டு ஊதினால் எண் எகிறும். சென்சார் நாளடைவில் தளர்ந்துபோகும், ரீடிங் மெல்ல நகர்வது வெளியே தெரியாது. முடக்கு வாதம் சிலருக்கு நுரையீரலையும் தொடும். அவர்களால் கருவி கேட்கும் அளவுக்கு நீளமாக, சீராக ஊத முடியாது; நுரையீரலின் அடிப்பகுதிக் காற்று வராத ரீடிங் குறைவாகத்தான் இருக்கும்.

இனி ரத்த மீட்டர். ஸ்ட்ரிப்பில் உள்ள என்சைம் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டோடு வினைபுரிந்து உண்டாகும் மின்னோட்டத்தைக் கருவி அளக்கிறது. ஒரு மைக்ரோலிட்டர் அளவு ரத்தம், பத்து நொடிக்குள் விடை. அநேக மாடல்கள் சர்க்கரையையும் பார்க்கும், ஆனால் அதற்குத் தனி ஸ்ட்ரிப் வேண்டும். இரண்டு டப்பாக்களும் ஒரே தோற்றத்தில் இருப்பதால் மாற்றி வாங்கிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. மூடியில் பெரிதாக எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மாடலைத் தேர்ந்தெடுக்கும்போது திரை, புளூடூத், செயலி என்று பார்ப்பதைவிட ஸ்ட்ரிப் எப்படிப் பொதியப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு ஸ்ட்ரிப்பும் தனித்தனி ஃபாயில் உறையில் வந்தால் ஈரம் படாமல் நன்றாக இருக்கும். ஆனால் அந்த உறையைக் கிழிக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிப் பிடித்து எதிரெதிராக இழுக்க வேண்டும். முட்டி வீங்கிய கைக்கு இதைவிடக் கடினமான அசைவு குறைவு. ஸ்ட்ரிப் வளையும், நுனி நசுங்கும், பிறகு கருவி பிழை காட்டும், விலை உயர்ந்த ஒரு ஸ்ட்ரிப் போயிற்று. பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல் வைத்து, ஸ்ட்ரிப் படாத ஓரத்தை வெட்டித் திறப்பதுதான் வழி. கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் மூடி போட்ட குப்பியில் வரும் ஸ்ட்ரிப் இந்தக் கைகளுக்கு நல்லது. ஆனால் குப்பியைத் திறந்த நாளை அதன்மேல் எழுத வேண்டும், எடுத்த கையோடு மூட வேண்டும்.

அடுத்தது குத்தும் பேனா. கருவியோடு இலவசமாக வரும் பேனாக்களில் பல, பின்பகுதியை இழுத்து ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. மணிக்கட்டு வலிக்கும் நாளில் அது நகரவே நகராது. அதற்குப் பதிலாக, ஒரே தடவை பயன்படுத்தி எறியும் பாதுகாப்பு லான்செட் (குத்தும் ஊசி) தனியாகக் கிடைக்கும். விரலில் வைத்து அழுத்தினாலே தானாகக் குத்தும், ஏற்ற வேண்டிய ஸ்பிரிங் இல்லை. ஆழம் நிலையானது என்பதால் தோல் தடித்தவர்கள் கொஞ்சம் ஆழமாகக் குத்தும் வகையை வாங்க வேண்டும். பயாலஜிக் ஊசியோ வேறு நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தோ எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் புது லான்செட் போட்டே தீர வேண்டும். பேனாவில் ஒரே லான்செட்டை வாரக்கணக்கில் வைத்திருக்கும் பழக்கம் இவர்களுக்கு ஆகாது.

கையை வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு குத்துங்கள். குளிரில் விரல் வெளுக்கும் ரேனோ உள்ளவர்களுக்கு இந்த வெதுவெதுப்பு இல்லாமல் துளியே வராது. விரலின் நுனியில், பக்கவாட்டில் குத்த வேண்டும். நடுச்சதையில் வலி அதிகம், வீங்கிய மூட்டின் மேல் குத்தவே கூடாது. கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து நுனி நோக்கி மெல்ல நீவினால் போதும். நுனியைப் பிழிந்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும். ஸ்ட்ரிப்பின் விளிம்பைத் துளியில் தொட்டால் அது தானாக உறிஞ்சும். மேலே தடவினால் பாதிதான் நிரம்பும், பிழையோ குறைந்த எண்ணோ வரும்.

பெட்டிக்குள் இருக்கும் தாளில் ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) வரம்பு என்று ஒரு வரி இருக்கும். பலர் படிக்காமல் விடும் வரி இது. நாள்பட்ட அழற்சியால் ரத்தசோகை வந்தவர்களின் ஹெமட்டோக்ரிட் அந்த வரம்புக்குக் கீழே போனால் ரீடிங்கை நம்ப முடியாது. சர்க்கரை ஸ்ட்ரிப்பில் அது பொதுவாக உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளில் உங்கள் எண்ணைப் பார்த்துவிட்டு மாடலை முடிவு செய்யுங்கள்.

எப்போது பார்ப்பது? காலையில் எழுந்ததும் வேண்டாம். விடியற்காலையில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறிச் சர்க்கரையைக் கூட்டுவதால் அப்போது கீட்டோன் குறைவாகவே இருக்கும், கையும் இறுகிக் கிடக்கும். மாலைச் சாப்பாட்டுக்கு முன் பாருங்கள். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு இதில் இன்னொரு ஆதாயம். காலையில் போட்ட பிரெட்னிசோலோன் பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரையை ஏற்றும். வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்து மாலையில் ஏறியிருந்தால், கீட்டோன் வராததற்கு உங்கள் தட்டில் காரணம் தேட வேண்டாம், மாத்திரைதான். அதற்காக ஸ்டீராய்டை நீங்களே குறைப்பதோ நிறுத்துவதோ ஆபத்து. மெத்தோட்ரெக்சேட் போட்ட மறுநாள் குமட்டலால் சரியாகச் சாப்பிடாவிட்டால் எண் ஏறலாம். அது சாதனை அல்ல, பட்டினி.

0.8-க்கும் 1.0-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதீர்கள், கருவியின் துல்லியம் அவ்வளவுதான். எம்.சி.டி. எண்ணெய் (உடல் எளிதில் கீட்டோனாக்கும் நடுத்தர நீளக் கொழுப்பு) ஒரு மேசைக்கரண்டி குடித்தாலே எண் ஏறிவிடும், மாவுச்சத்தைக் குறைக்காமலேயே. வயிற்றுப்போக்கும் சேர்ந்து வரும். பயன்படுத்துவதானால் ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள். கொழுப்பு எதிலிருந்து வந்தது என்பதும் மீட்டருக்குத் தெரியாது. கொழுப்பு மிகுந்த மீனில் வந்த 1.2-ம் பொரித்த எண்ணெயில் வந்த 1.2-ம் திரையில் ஒன்றுதான், மூட்டுக்கு ஒன்றல்ல. முடக்கு வாதத்துக்கு ஆராயப்பட்ட மீன் எண்ணெய் அளவு, அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்புகளான ஈ.பி.ஏ.வும் டி.ஹெச்.ஏ.வும் சேர்த்து நாளுக்கு 3 கிராம் அளவில், மூன்று மாதமாவது.

இந்த எண் ஏறினால் வலி குறையுமா? இங்கேதான் பல விளம்பரங்கள் எல்லை மீறுகின்றன. பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட், என்.எல்.ஆர்.பி.3 என்ற அழற்சித் தூண்டியை அடக்குகிறது என்று 2015-இல் வெளியான ஆய்வு உண்மைதான், ஆனால் அது செல்களிலும் எலிகளிலும் காட்டப்பட்டது. முடக்கு வாதக்காரர்களுக்கு உண்ணாநோன்பு தற்காலிகமாக நல்ல பலன் தருவதை 1991-இல் வெளியான நார்வே ஆய்வு காட்டியது. அந்தப் பலனை நீட்டித்தது அதற்குப் பின் ஓராண்டு கடைப்பிடித்த தாவர உணவு, கீட்டோ அல்ல. 2000-இல் வெளியான ஒரு சிறிய ஒப்பீட்டில், ஏழு நாள் நோன்பில் அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின்-6 என்ற ரத்தப் புரதம் குறைந்தது, ஏழு நாள் கீட்டோ உணவில் குறையவில்லை. ஏழு நாள் போதாது என்று வாதிடலாம். ஆனால் கீட்டோன் எண்ணை வலிக்கான மருந்தளவுபோல விற்பவர்களுக்குக் கையில் ஆதாரம் இல்லை. உணவால் பலன் பெறுபவர்களிலும் எவ்வளவு எடை குறைந்ததால், எவ்வளவு சர்க்கரையும் பொட்டல உணவும் போனதால் என்று பிரிப்பது கடினம். கொழுப்புச் சதை குறைந்தாலே அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. இறங்கும்.

ஆகவே மீட்டர் சொல்வது நீங்கள் உணவுமுறையில் இருக்கிறீர்களா என்பதை மட்டும். மூட்டு எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம்தான் சிறந்த கருவி. காலை இறுக்கம் எத்தனை நிமிடம், எத்தனை மூட்டு வீங்கியது, முஷ்டி முழுதாக மூடுகிறதா, அன்று வலி மாத்திரை எத்தனை, இவற்றுக்கு அருகில் கீட்டோன் எண். தொடங்கும் முன் ரத்தத்தில் சி.ஆர்.பி., அதேபோல் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., கொழுப்பு, யூரிக் ஆசிட், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பார்த்து, 8 முதல் 12 வாரத்தில் மறுபடி பாருங்கள். முடக்கு வாதத்துக்கு டோசிலிசுமாப், டோஃபாசிட்டினிப் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தே எல்.டி.எல் என்ற கெட்ட கொழுப்பை ஏற்றும். உணவையும் மருந்தையும் ஒரே மாதத்தில் மாற்றினால் எது ஏற்றியது என்று மருத்துவராலும் சொல்ல முடியாது. வலி குறைந்தாலும் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்த வேண்டாம். வலி இல்லாமலேயே எலும்பு அரிப்பு நடக்கும்.

மாவுச்சத்து நாளுக்கு 20 முதல் 50 கிராம், புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், மீதி கொழுப்பு என்று வைத்தும் எண் 0.3-ஐத் தாண்டவில்லை என்றால் மாத்திரைகளின் பக்கம் பாருங்கள். மெல்லும் கால்சியம், சிரப், கரையும் மாத்திரை ஆகியவற்றில் இனிப்பு சேர்ந்திருக்கலாம். முதல் வாரத்தில் உடல் நீரையும் உப்பையும் வெளியேற்றும்; தலைவலி, கால் தசைப்பிடிப்பு வரும். இந்த நீர்க்குறைவோடு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு அழுத்தம் தாழக்கூடும். உப்பைக் கூட்டுவதையும் அந்த மாத்திரையையும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். யூரிக் ஆசிட் மூட்டில் படியும் கவுட் உள்ளவர்களுக்கு முதல் வாரங்களில் கீட்டோன் யூரிக் ஆசிட் வெளியேறுவதைத் தடுப்பதால் திடீர் வீக்கம் வரலாம்.

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் இந்த உணவுமுறையைத் தாமாகத் தொடங்கவே கூடாது. சர்க்கரை சாதாரணமாக இருக்கும்போதே அவர்களுக்குக் கீட்டோ அசிடோசிஸ் (கீட்டோன் மிகுந்து ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை) வரக்கூடும். இன்சுலின் போடுபவர்களும் தாமாகத் தொடங்கக் கூடாது. யாருக்கானாலும் எண் 3-ஐத் தாண்டி வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் இருந்தால் நோட்டில் குறித்துக்கொண்டு உட்காராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

முதல் இரண்டு வாரம் தினம் ஒரு ஸ்ட்ரிப், அதன்பின் எட்டாவது வாரம் வரை வாரத்துக்கு இரண்டு போதும். பிறகு மருந்து மாறும்போதோ காரணமின்றி வலி திரும்பும்போதோ மட்டும் பாருங்கள். கடைசி ஸ்ட்ரிப்புகளின் காலாவதித் தேதியைக் கவனித்து, சிறிய பொதியாகவே வாங்குங்கள். பயன்படுத்திய லான்செட்டைக் கெட்டியான மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் மருத்துவமனையில் ஒப்படையுங்கள்.