அண்ணனைப் பற்றிக் கேட்கத்தான் போனேன்

கோவையில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் நான்கு தடவை போய் வந்தேன். ஒரு தடவைக்கு 1,200 ரூபாய், முக்கால் மணி நேரம். திருப்பூரிலிருந்து பஸ் செலவு தனி. கொடுத்த காசு எதுவும் வீண் இல்லை.

நானும் அண்ணனும் சேர்ந்து பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறோம். நல்ல பெயர் வந்தால் அது அவரால். பீஸ் திரும்பி வந்தால் டெய்லரால், செக்கிங் பெண்களால், என்னால். யூடியூப் பார்த்துப் பார்த்து அவர் ஒரு 'நார்சிசிஸ்ட்', அதாவது தன்னையே பெரிதாக நினைக்கும் ஆளுமைக் கோளாறு உள்ளவர் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். மேடமும் ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும் என்றுதான் போனேன்.

அவர் சொல்லவில்லை. "உங்க அண்ணனை நான் பார்த்ததே இல்ல. பார்க்காதவருக்கு நோய்ப் பேர் வைக்க மாட்டேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் பொறுமையாக விளக்கினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இந்த ஆளுமைக் கோளாறுக்கு 9 அடையாளங்கள் இருக்கின்றன. குறைந்தது 5 பொருந்த வேண்டும். ஏதோ ஒரு சண்டையில் நடந்துகொண்டதை வைத்துச் சொல்ல முடியாது. இளம் வயதிலிருந்தே வீடு, வேலை, உறவு என எல்லா இடத்திலும் அது தொடர வேண்டும்.

இரண்டாம் தடவை மனசில் இருந்த பயத்தைக் கேட்டுவிட்டேன். "என் வேலையில எனக்கும் பெருமை உண்டு. அப்போ நானும் அப்படித்தானா?" ஒருவர் தன்னை எவ்வளவு மதிக்கிறார் என்று பார்க்க, அமெரிக்கச் சமூகவியலாளர் ரோசன்பர்க் 1965-இல் வெளியிட்ட தன்மதிப்பு அளவுகோலின் 10 வாக்கியங்களை மேடம் எடுத்தார். படிவம் ஆங்கிலத்தில்தான் இருந்தது, அது ஒரு குறை. அவரே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். மற்றவர்களுக்குச் சமமாவது நானும் மதிப்புள்ளவள் என்று ஒரு வாக்கியம். "மத்தவங்களை விட மேலன்னு இதுல எங்கயாவது இருக்கா?" என்று கேட்டார்.

கடைசியாகப் பீஸ் திரும்பி வந்தபோது என்ன செய்தேன் என்றும் கேட்டார். டேப்பை வைத்துக் கழுத்தளவைப் பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்த அளவுதான் தப்பு. டெய்லர் அக்காவிடம் அதைச் சொல்லி, கூடவே உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். "தப்பு உங்களோடதுன்னு சொன்னதும் உங்க மதிப்பு போயிடுச்சுன்னு தோணுச்சா?" இல்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். அந்தக் கேள்வியை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மற்ற இரண்டு தடவையும் அண்ணனிடம் எப்படிப் பேசுவது என்பதிலேயே போனது. இப்போது ஒவ்வொரு லாட்டுக்கும் யார் அளவு கொடுத்தார்கள், யார் பார்த்தார்கள் என்று நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுகிறோம்.

சனிக்கிழமை கூட்டம் அதிகம், ஒரு வாரம் முன்னாடியே சொல்லிவையுங்கள். காத்திருக்கும் இடத்தில் உள்ளே பேசுவது லேசாகக் கேட்கிறது. அதை அவர்கள் சரிசெய்தே ஆக வேண்டும். அடுத்த முறை கூட வருகிறாயா என்று அண்ணனைக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.