4.5-ஆ, 5.5-ஆ? ஸ்பிரிங் ஏர் ரைபிளின் காலிபரும் டியூனிங்கும்

ஸ்பிரிங் ஏர் ரைபிள் (ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்தி, பெல்லட் என்ற சிறு குண்டைச் சுடும் துப்பாக்கி) வாங்க நினைப்பவர் எந்தக் காலிபர், அதாவது பேரலின் துளை எத்தனை மி.மீ., என்று கேட்கிறார். டியூன் செய்ய நினைப்பவர் எந்த ஸ்பிரிங் போடலாம் என்று கேட்கிறார். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் தவறு. காலிபரை மாற்றினால் பிஸ்டன் வந்து நிற்கும் விதம் மாறிவிடும். டியூனிங் என்பதே பிஸ்டனை ஒழுங்காக நிற்க வைக்கும் வேலைதான்.

டிரிக்கரை இழுத்ததும் ஏறத்தாழ கால் கிலோ எடையுள்ள பிஸ்டன் முன்னால் பாயும், துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில்தான் அழுத்தம் உச்சத்தைத் தொட்டு பெல்லட் நகரத் தொடங்கும். அதே அழுத்தம் பிஸ்டனையும் தடுத்து நிறுத்துகிறது. அப்போது துப்பாக்கி முன்னோக்கி இழுபடும். பெல்லட் இன்னும் பேரலை விட்டுப் போயிருக்காது. அழுத்தம் அதிகமாகிவிட்டால் பிஸ்டன் பின்னால் எகிறி, மறுபடி வந்து மோதும். அழுத்தம் சீக்கிரம் இறங்கிவிட்டால் மெத்தையாக இருக்க வேண்டிய காற்று போதாமல், பிஸ்டன் சிலிண்டரின் முன்சுவரில் அடித்து நிற்கும். இரண்டும் குறியின் துல்லியத்துக்கும் கேடு, துப்பாக்கிக்கும் கேடு.

இதை மனதில் வைத்துக்கொண்டு காலிபர்களை ஒப்பிடலாம். எல்லாவற்றுக்கும் 16 ஜூல் ஆற்றல் என்று வைத்து, புழக்கத்தில் உள்ள உருண்டைத்தலை பெல்லட் எடைகளை எடுத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்:

| காலிபர் | துளைப் பரப்பு | பெல்லட் எடை | வேகம் | 40 மீட்டரில் வீழ்ச்சி |
|---|---|---|---|---|
| 4.5 மி.மீ. | 15.9 ச.மி.மீ. | 0.547 கிராம் | 242 மீ/வி | 13 செ.மீ. |
| 5.0 மி.மீ. | 19.6 ச.மி.மீ. | 0.89 கிராம் | 190 மீ/வி | 22 செ.மீ. |
| 5.5 மி.மீ. | 23.8 ச.மி.மீ. | 1.03 கிராம் | 176 மீ/வி | 25 செ.மீ. |
| 6.35 மி.மீ. | 31.7 ச.மி.மீ. | 1.645 கிராம் | 139 மீ/வி | 40 செ.மீ. |

வீழ்ச்சி என்பது பேரலின் நேர்கோட்டிலிருந்து பெல்லட் எவ்வளவு இறங்குகிறது என்பது. காற்றுத் தடை இதில் சேரவில்லை, சேர்த்தால் எல்லாமே இன்னும் கூடும்.

இந்த எண்களின் அருமை, தூரத்தைத் தவறாகக் கணிக்கும்போதுதான் புரியும். பேரலுக்கு 4 செ.மீ. மேலே ஸ்கோப் இருக்கிறது, 35 மீட்டருக்கு ஜீரோ செய்திருக்கிறீர்கள் (அந்தத் தூரத்தில் ஸ்கோப் காட்டும் இடத்திலேயே பெல்லட் படும்படி சரிசெய்திருக்கிறீர்கள்), இலக்கு உண்மையில் 40 மீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். காற்றுத் தடையை விட்டுவிட்டாலே 4.5 ஏறத்தாழ 1.1 செ.மீ. கீழே போகும், 5.5 ஏறத்தாழ 2.6 செ.மீ. கீழே போகும். இலக்கு 4 செ.மீ. விட்டமுள்ள வட்டம் என்றால் முதலாவது உள்ளே விழும், இரண்டாவது வெளியே போய்விடும். வெவ்வேறு தூரங்களில் உள்ள இலக்குகளைத் தூரம் கணித்துச் சுடும் ஃபீல்ட் டார்கெட் போட்டிகளில் 4.5 ஆட்சி செய்வதற்குக் காரணம் இதுதான். 10 மீட்டர் போட்டியில் விதியே 4.5 மி.மீ. என்பதால் அங்கே இந்தக் கேள்விக்கு இடமில்லை.

அப்படியானால் 5.5 எதற்கு? அதே சிலிண்டர், அதே ஸ்பிரிங் என்றாலும், அகலமான துளையில் காற்று பெல்லட்டைத் தள்ள அதிகப் பரப்பு கிடைக்கிறது. அதனால் பொதுவாக 5.5 பேரலில் சற்றுக் கூடுதல் ஆற்றல் வெளியே வரும், உச்ச அழுத்தமும் அவ்வளவு கூர்மையாக ஏறாது. ஒரே மாடலை இரண்டு காலிபரிலும் சுட்டுப் பார்ப்பவர்கள் 5.5-இன் ஷாட் மென்மையாக இருக்கிறது என்று சொல்வது இதனால்தான். பெரிய பெல்லட்டைக் குளிரிலும் கையுறையோடும் பிடித்து லோடு செய்வது எளிது. பாவாடை என்று சொல்லும் பின்பகுதி நசுங்கியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். எதிர்ப்பக்கம், பெல்லட் பேரலுக்குள் கூடுதல் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் கை அசைந்தால், தோளில் அழுத்தம் மாறினால், குறியில் தெரியும். 5.5 ஸ்பிரிங் ரைபிளில் சுட்ட பிறகும் அசையாமல் நிற்கும் பழக்கம் கட்டாயம் வேண்டும்.

பக்கக் காற்றைப் பொறுத்தவரை கனமான பெல்லட் அசையாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆற்றல் சமமாக இருக்கும்போது அந்த லாபத்தைக் குறைந்த வேகம் பெரும்பாலும் தின்றுவிடும். இந்தக் காரணத்துக்காக மட்டும் 5.5 வாங்க வேண்டாம்.

5.0 மி.மீ. நல்ல காலிபர்தான், ஆனால் பெல்லட் வகைகள் மிகக் குறைவு. ஸ்பிரிங் துப்பாக்கிக்குப் பிடித்த பெல்லட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு வகை வேண்டும். 6.35-ஐ 16 ஜூலில் ஓட்டுவதில் பொருளில்லை. 139 மீ/வி வேகத்தில் 30 மீட்டரைத் தாண்டினாலே தூரக் கணிப்பு தலைவலியாகிவிடும். 25 ஜூலுக்கு மேல் தரும் பெரிய துப்பாக்கிகளுக்கு அது சரி.

எனவே முடிவு ஆற்றலைப் பொறுத்தது. 10 ஜூலுக்குக் கீழே 4.5 தவிர வேறு யோசிக்க வேண்டாம்: 7.5 ஜூலில் 0.93 கிராம் பெல்லட் வெறும் 127 மீ/வி வேகத்தில்தான் போகும். 16 ஜூல் அளவில், தூரம் மாறி மாறிச் சுடுபவருக்கு 4.5, அளந்து வைத்த தூரத்தில் சுடுபவருக்கு 5.5-உம் பொருந்தும். 20 ஜூலுக்கு மேல் 4.5 தன் நன்மையை இழக்கத் தொடங்கும். வேகம் 270, 280 மீ/வி என்று ஏறி ஒலி வேகத்தை நெருங்கும்போது பெல்லட்டின் நிலைத்தன்மை கெடும். அதைத் தவிர்க்கக் கனமான பெல்லட் போட்டால் பிஸ்டன் எகிறும். அங்கே 5.5 தான்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியில் உரிமமில்லாத வரம்பு 7.5 ஜூல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ரைபிளுக்கு 12 அடி-பவுண்டு, அதாவது 16.27 ஜூல். சில இடங்களில் காலிபருக்கே வரம்பு உண்டு. 4.5-இல் 15.5 ஜூல் தந்த துப்பாக்கிக்கு 5.5 பேரல் மாட்டினால், ஸ்பிரிங்கைத் தொடாமலே வரம்பைத் தாண்டிவிடலாம். பேரல் மாற்றிய அன்றே குரோனோகிராஃபில் (பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) பாருங்கள்.

இனி டியூனிங். இங்கே போட்டியிடும் வழிகள் நான்கு: இருக்கிற ஸ்பிரிங்கையே சுத்தம் செய்து பொருத்துவது, இறுக்கமான கைடோடு (ஸ்பிரிங்குக்குள் நின்று அதைத் தாங்கும் தண்டு) வரும் மாற்றுப் பாகங்களின் கிட் போடுவது, வலுவான ஸ்பிரிங் போடுவது, கேஸ் ராமுக்கு மாறுவது.

வலுவான ஸ்பிரிங்கைத்தான் பலரும் முதலில் நாடுகிறார்கள், பெரும்பாலும் அதுதான் மோசமான தேர்வு. காக் செய்யும் (ஸ்பிரிங்கை அழுத்திப் பூட்டும்) பளு கூடும், உதை கூடும், வேகம் மட்டும் எதிர்பார்த்த அளவு கூடாது. சிலிண்டரின் கொள்ளளவு மாறவில்லையே! 25 மி.மீ. விட்டம், 80 மி.மீ. ஓட்டம் என்றால் அழுத்தக் கிடைக்கும் காற்று 39 க.செ.மீ. மட்டுமே. அதற்கு மேல் கொடுக்கும் விசை, பிஸ்டனை எகிற வைப்பதிலும் ஸ்கோப்பைக் கெடுப்பதிலும் செலவாகும்.

கேஸ் ராமில் ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்து வைத்த வாயு. 'டொய்ங்' என்ற அதிர்வும் முறுக்கும் போய்விடும், காக் செய்த நிலையில் நின்றாலும் தளராது. ஆனால் ஷாட் சுருக்கென்று, கூர்மையாக இருக்கும். பெரும்பாலான ராம்களில் அழுத்தத்தை மாற்ற வழியில்லை என்பதால் நுணுக்கமாகச் சரிசெய்ய இடமில்லை. ஸ்பிரிங்கில் 1 மி.மீ. வாஷர் ஒன்றைச் சேர்த்தோ எடுத்தோ முன்னழுத்தத்தை (பொருத்திய நிலையிலேயே ஸ்பிரிங்கில் இருக்கும் அழுத்தத்தை) மாற்றலாம். இந்தச் சுதந்திரத்துக்காகவே ஸ்பிரிங் மேல்.

கிட்டின் உண்மையான பலன் கைடில்தான் இருக்கிறது. ஸ்பிரிங்கின் உள்விட்டத்துக்கும் தொழிற்சாலைக் கைடுக்கும் இடையே தளர்வு இருந்தால், பிஸ்டன் நின்ற பிறகும் ஸ்பிரிங் அதிர்ந்துகொண்டே இருக்கும். டெல்ரின் (ஒரு வகைக் கடினப் பிளாஸ்டிக்) கைடில் ஸ்பிரிங்கைக் கையால் திருகித்தான் ஏற்ற முடிய வேண்டும், காக் செய்யும்போது மட்டும் சுலபமாக விலக வேண்டும். பிஸ்டனுக்குள் இருக்கும் தொப்பிக்கும் இதே விதி. கனமான தொப்பி பிஸ்டன் எடையைக் கூட்டும். இலகுவான பெல்லட் சுடும் 4.5-க்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

காசு செலவழிப்பதற்கு முன், சுத்தம் செய்து பொருத்துவதை முதலில் செய்து பாருங்கள். முறை இது.

ஒரே பெல்லட்டில் பத்து ஷாட் குரோனோகிராஃபில் எடுங்கள். ஆற்றல் = ½ × எடை (கிலோகிராம்) × வேகத்தின் வர்க்கம். 0.547 கிராம், 236 மீ/வி என்றால் 15.2 ஜூல். நல்ல நிலையில் உள்ள துப்பாக்கியில் அதிக வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் உள்ள இடைவெளி 3, 4 மீ/வி-க்குள் நிற்கும். அதைவிட அதிகமென்றால் முதலில் பிரீச் சீலை, அதாவது பேரல் மூடும் இடத்தில் காற்றை அடைக்கும் வளையத்தைச் சோதியுங்கள். மெல்லிய டிஷ்யூ தாள் துண்டு ஒன்றைப் பேரல் மூடும் இணைப்பின் மேல் வைத்து, பாதுகாப்பான திசையில் பெல்லட்டோடு சுடுங்கள். தாள் பறந்தால் கசிவு. சீலுக்கு அடியில் மெல்லிய ஷிம் (தகடு) வைத்துச் சற்று உயர்த்தினால் பெரும்பாலும் தீரும். இந்தச் சிறு ரப்பர் வளையத்தைப் பாராமல் துப்பாக்கியையே பிரித்து மேய்பவர்கள் அதிகம்.

பிரிக்கும்போது ஸ்பிரிங் கம்ப்ரஸர் கட்டாயம். முன்னழுத்தத்தோடு நிற்கும் ஸ்பிரிங் பின்முனை அடைப்பைக் கழற்றியதும் பாய்ந்து வரும். கையால் அமுக்கிப் பிடித்துக் கழற்றுவது விரலுக்கும் முகத்துக்கும் ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிரித்த பின் காக்கிங் லீவர் ஓடும் பள்ளத்தின் ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தால் பிசிறு தட்டுப்படும். அரத்தாலும் நைஸ் எமரியாலும் அதை மழுக்காவிட்டால், பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் புது சீலை உள்ளே தள்ளும்போதே அதன் விளிம்பு அறுந்துவிடும். 'டியூன் செய்த பிறகு வேகம் குறைந்துவிட்டது' என்ற புகாரில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஸ்பிரிங்கைச் சமதளத்தில் உருட்டுங்கள். கோணலாக உருண்டால் மாற்றுங்கள். முனைகள் தட்டையாக, பளபளப்பாக இருக்க வேண்டும். சுருள் வெட்டி ஆற்றலைக் குறைப்பதானால் ஒரு தடவைக்கு ஒன்றுதான், வெட்டிய முனையைச் சூடாக்கிப் படிய வைத்துச் சாணை பிடிக்க வேண்டும்.

கிரீஸ் விஷயத்தில் குறைவாகப் பூசுவதே நிறைவு. பிஸ்டனின் பக்கங்களிலும் சீலின் வெளி விளிம்பிலும் மாலிப்டினம் டைசல்ஃபைடு பேஸ்ட், உலோகத்தின் நிறம் தெரியும் அளவு மெல்லியதாக. ஸ்பிரிங் மேல் பிசுபிசுப்பான அதிர்வு அடக்கும் கிரீஸ், அதுவும் மெல்லிய படலமாக. சீலின் முகப்பில் எதுவும் கூடாது. அங்கே பெட்ரோலிய எண்ணெய் இருந்தால் அழுத்தத்தில் சூடேறிய காற்றில் பற்றிக்கொள்ளும். புகையும் எரிந்த வாடையும் வரும், வேகம் ஷாட்டுக்கு ஷாட் தாறுமாறாகும், 'படார்' என்று வெடித்தால் சீல் கருகும், ஸ்பிரிங்கும் உடையலாம். பழைய தோல் சீல் மட்டும் இதற்கு விலக்கு: காய்ந்தால் சுருங்கிவிடும் என்பதால் அதற்கு அவ்வப்போது சொட்டு எண்ணெய் தேவை.

பொருத்திய பின் மூன்று எடை பெல்லட்டுகளில் சுட்டு ஆற்றலைக் கணக்கிடுங்கள். 4.5-இல் 0.5 முதல் 0.56 கிராம் வரை, 5.5-இல் 0.9 முதல் 1.03 கிராம் வரை பெரும்பாலான 16 ஜூல் துப்பாக்கிகளுக்கு ஒத்துப்போகும். 4.5-இல் 0.65 கிராமுக்கு மேல் போனதும் ஆற்றல் சரிந்து ஷாட் இரண்டாகக் குதிப்பதுபோல் இருந்தால் பிஸ்டன் எகிறுகிறது. பெல்லட்டைக் குறையுங்கள், அல்லது ஒரு வாஷரை எடுங்கள். 5.5-இல் 0.77 கிராம் போன்ற இலகு பெல்லட்டுக்கு 'டக்' என்று உலோகச் சத்தம் கேட்டால் பிஸ்டன் மோதுகிறது, எடையைக் கூட்டுங்கள். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடவே கூடாது. அது இந்த மோதலின் உச்சம்.

தலை விட்டமும் முக்கியம். 4.50, 4.51, 4.52 என்று ஒரே பெல்லட் வெவ்வேறு அளவில் வருகிறது. பிரீச்சில் வைத்தால் தானாக உள்ளே விழுவதும் வேண்டாம், நகத்தால் நசுக்கித் தள்ள வேண்டியதும் வேண்டாம். சீராக ஒரே அழுத்தத்தில் உட்கார வேண்டும். பிரேக் பேரலில் (பேரலை மடக்கிக் காக் செய்யும் வகை) லோடு செய்யும்போது ஒரு கை பேரலைப் பிடித்தபடியே இருக்கட்டும்.

புது சீல் படிய 100 முதல் 200 ஷாட் வரை ஆகும். அதுவரை வேகம் ஏறி இறங்கும். அது நின்ற பிறகு ஸ்டாக் திருகுகளையும் ஸ்கோப் மவுண்டையும் மறுபடி இறுக்கி, மவுண்டின் நிறுத்தி முள் ரிசீவர் துளையில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் ஜீரோ செய்யுங்கள். ஸ்கோப்பும் இருபுற உதையைத் தாங்கும் என்று குறிப்பிட்டு விற்கப்படும் வகையாக இருக்க வேண்டும். பெரிய வெடித் துப்பாக்கிக்கான ஸ்கோப் பின்னோக்கிய உதையை மட்டும் எண்ணிச் செய்தது என்றால், முன்னோக்கிய இழுப்பில் அதன் குறுக்குக் கம்பி நகர்ந்துவிடும்.