வெள்ளவத்தையில் ஓர் உளவளத்துணைச் சேவை: ஆபாசப் பட அடிமைத்தனம் குறித்து

ஆபாசக் காணொளிகளைப் பார்ப்பதை நிறுத்த முடியாமல் மூன்று ஆண்டுகள் தவித்த நான், கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கு அருகிலுள்ள உளவளத்துணை நிலையம் ஒன்றுக்கு ஆறு வாரங்களாகச் சென்று வருகிறேன். இதைக் குணக்கேடாகவே நினைத்திருந்த எனக்கு, மனச்சோர்வு வந்ததும் கைபேசியைத் தேடுவது, கணநேர ஆறுதல், பின்னர் குற்றவுணர்வு, அதைத் தணிக்க மீண்டும் அதே திரை என்று, போதைப்பொருள் எதுவும் உடலுக்குள் செல்லாமலேயே ஒரு சுழல் இறுகிவிடுவதை, என் நாட்குறிப்பைக் கொண்டே உளவளத்துணையாளர் வரைந்து காட்டியது பெரும் விடுதலையாக இருந்தது.

அவர் எதையும் மிகைப்படுத்தவில்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகைப்பாடு, சூதாட்டத்தை அடிமையாதல் பிரிவில் வைத்தாலும், கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையை உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளுள்தான், அதாவது உள்ளே எழும் தூண்டுதலை அடக்க முடியாத நிலைகளுள்தான், சேர்த்திருக்கிறது. அந்த நடத்தையை நோயாகக் கொள்ள, அது பொதுவாக 6 மாதங்களோ அதற்கு மேலோ நீடித்து வாழ்வைப் பாதிக்க வேண்டும், ஒழுக்கம் பற்றிய மனவுறுத்தல் மட்டும் நோயாகாது. இவ்வளவு தெளிவாகத் தமிழில் எனக்கு எவரும் முன்பு விளக்கியதில்லை.

ஆனால் வரவேற்பு மேசையில், வந்த காரணத்தை அருகிலிருப்போர் கேட்கும்படி விசாரிக்கிறார்கள். முதல் நாள் நான் திரும்பிப் போயிருப்பேன். இதை அவர்கள் உடனே மாற்ற வேண்டும்.