துளையா, சுவரா? இரண்டு பிளாஸ்மா எஞ்சின்களின் தேய்மானம்

டர்பன் துறைமுகத்தில் கப்பல்களுக்கு சாண்ட் பிளாஸ்டிங் (மணலைப் பீய்ச்சித் துரு நீக்கும் வேலை) செய்து பல வருஷம் பிழைத்தவன் நான். நாசில் துளை கொஞ்சம் அகன்றாலே அழுத்தம் இறங்கிவிடும், துரு போகாது. இன்ஜினியரிங் படிக்கும் தங்கை மகன், "விண்கலத்துக்கு கிரிட் அயன் எஞ்சினா, ஹால் எஞ்சினா மாமா?" என்று கேட்டபோது, எது எங்கே தேய்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன். விண்வெளிக்குப் போய் நாசில் மாற்ற முடியாதே.

இரண்டுமே செனான் வாயுவை அயனியாக்கி, அதாவது அணுவிலிருந்து எலக்ட்ரானைக் கழற்றி, மின்புலத்தால் வெளியே தள்ளுபவை. கிரிட் எஞ்சினின் வாசலில் சல்லடை மாதிரி தகடுகள் இருக்கும். வேகமாக வெளியேறும் அயனி, வழியில் மெதுவாகத் திரியும் செனான் அணுவிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். இப்போது அயனியாகிவிட்ட அந்த மெதுவான அணுவை, எதிர்மின்னழுத்தம் உள்ள வெளித்தகடு தன்பக்கம் இழுக்கும். அது மோத மோதத் துளை அகலும். அகன்ற துளை வழியாக வெளியிலிருக்கும் எலக்ட்ரான்கள் உள்ளே பாயும், மின்சாரம் வீணாகும். அதைத் தடுக்க எதிர்மின்னழுத்தத்தைக் கூட்டினால் அயனிகள் இன்னும் பலமாக அடிக்கும். எங்கள் நாசில் பாடு பரவாயில்லை!

ஆனாலும் இது உழைக்கும். 1998இல் கிளம்பிய டீப் ஸ்பேஸ் 1 கலத்துக்கான உபரி எஞ்சின், தரையில் 30,352 மணி நேரம் ஓடியது. நிறுத்தியபோதும் அது பழுதாகியிருக்கவில்லை.

ஹால் எஞ்சினில் சல்லடையே கிடையாது. வளையமான பீங்கான் வாய்க்கால், குறுக்கே காந்தப்புலம், அவ்வளவுதான். அங்கே தேய்வது வாய்க்காலின் சுவர். உந்துவிசை சட்டென்று குறையாது. ஆனால் சுவர் கரைந்து போனால் பின்னாலுள்ள காந்தத் துருவம் (காந்தப்புலத்தைக் கொண்டுவரும் இரும்பு) வெளியே தெரிந்துவிடும், அப்புறம் அடி அதன்மேல்தான்.

மின்சாரக் கணக்கில் ஹால்தான் சிக்கனம். எஸ்பிடி-100 என்ற ஹால் எஞ்சின் சுமார் 1,350 வாட்டில் 83 மில்லிநியூட்டன் உந்துவிசை தருகிறது. டீப் ஸ்பேஸ் 1இன் கிரிட் எஞ்சினுக்கு 92 மில்லிநியூட்டன் தர 2,300 வாட் வேண்டும். செனான் கணக்கு தலைகீழ்: அதே உந்துதலுக்கு ஹால் ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்கும்.

என் ஓட்டு ஹாலுக்குத்தான், அதிலும் காந்தக் கவசம் உள்ளதற்கு. காந்தக் கோடுகளைச் சுவரை ஒட்டி ஓடவிட்டால், சுவரை அடிக்கும் அயனிகளின் வேகம் அடங்கி, தேய்மானம் நூறு மடங்குக்கும் மேல் குறைகிறது. மருமகன் மனதில் இருப்பது சின்ன செயற்கைக்கோள். அங்கே ஒரு சிக்கல்: எஞ்சின் சிறுத்தால் வளையத்தின் நடுவிலுள்ள இரும்பில் காந்தப்புலம் அடங்காது, கவசம் அமைப்பது கஷ்டம். கவசம் இருந்தாலும் முன்பக்கத் துருவ மூடி தேயும். வாங்குமுன் அந்த மூடி எத்தனை மணி நேரம் தாங்கியது என்ற சோதனைக் கணக்கைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.