கபோட்டியா, இன்ஃபேமஸா?

1959 நவம்பரில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், ஹோல்காம்ப் என்ற சிற்றூரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். அதைப் பற்றி எழுத நியூயார்க்கிலிருந்து கிளம்பிப் போனார் எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி. கொலையாளிகளில் ஒருவனான பெரி ஸ்மித்தோடு நெருங்கிப் பழகவும் செய்தார். 1965 ஏப்ரலில் கொலையாளிகள் இருவரையும் தூக்கிலிட்ட பிறகுதான் அவருடைய 'இன் கோல்ட் ப்ளட்' புத்தகம் முடிந்தது. இந்தக் கதையை ஹாலிவுட் ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை படமாக்கியது: 2005இல் 'கபோட்டி', 2006இல் 'இன்ஃபேமஸ்'.

'கபோட்டி'யை எடுத்து முந்திக்கொண்டது நண்பர்கள் கூட்டணி. இயக்குநர் பென்னட் மில்லர், திரைக்கதை எழுதிய டான் ஃபட்டர்மேன், நாயகன் ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் மூவரும் பதின்வயதிலிருந்தே பழக்கம். அதற்கு முன் மில்லர் எடுத்திருந்தது ஓர் ஆவணப்படம். ஃபட்டர்மேனோ நடிகர், இதுதான் அவருடைய முதல் திரைக்கதை. சிறிய பட்ஜெட் படம் ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது, ஹாஃப்மன் சிறந்த நடிகர் விருதை வென்றார். அந்த ஆரவாரம் அடங்கிய பிறகு, 2006 அக்டோபரில் திரைக்கு வந்த டக்ளஸ் மெக்ராத்தின் 'இன்ஃபேமஸ்' வசூலில் படுத்துவிட்டது. இத்தனைக்கும் அதில் சாண்ட்ரா புல்லக், டேனியல் கிரெய்க், சிகோர்னி வீவர் என்று நட்சத்திரக் கூட்டம்.

தாமதம்தான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். பாதி உண்மை.

கபோட்டியாக யார் பொருத்தம் என்று கேட்டால், நான் 'இன்ஃபேமஸ்' படத்தின் டோபி ஜோன்ஸ் பக்கம். அந்தக் குள்ள உருவமும் கீச்சுக்குரலும் அவருக்கு அப்படியே வருகின்றன. விருந்து மேசையில் ஹம்ஃப்ரி போகார்ட் கதையை எடுத்துவிட்டு கன்சாஸ்காரர்களைக் கவிழ்க்கும் இடத்தில், இந்த மனிதனிடம் ஏன் எல்லோரும் மனம் திறந்தார்கள் என்பது புரிந்துவிடுகிறது. ஹாஃப்மன் கபோட்டியைவிட உயரம், கனத்த உடம்பு. அவர் அந்தக் குரலைப் பிடித்துவிட்டு, மீதியைக் கண்ணால் நடிக்கிறார். கபோட்டியோடு கன்சாஸ் போன எழுத்தாளத் தோழி ஹார்ப்பர் லீ பாத்திரத்திலும், 'கபோட்டி'யில் நடித்த கேத்தரின் கீனருக்குத்தான் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. எனக்கென்னவோ 'இன்ஃபேமஸ்' படத்தின் புல்லக்தான் மனதில் நிற்கிறார்.

சரி, அப்புறம் ஏன் 'கபோட்டி' மேலான படம்? பெரி ஸ்மித்தைக் கையாண்ட விதம்தான். 'இன்ஃபேமஸ்' அந்த உறவைக் காதலாகவே எழுதி, முத்தம் வரை கொண்டுபோகிறது. கிரெய்க் நன்றாகத்தான் நடித்திருக்கிறார். ஆனால் அடுத்த மாதமே ஜேம்ஸ் பாண்டாக வந்தவரின் தோள்களை, கட்டையான, கால் ஊனமான பெரியின் உடம்பாக நம்புவது கஷ்டம். போதாக்குறைக்கு, கபோட்டியின் பணக்காரத் தோழிகள் கேமராவைப் பார்த்து விளக்கம் வேறு சொல்கிறார்கள்.

மில்லர் அந்தக் காதலை வெளிப்படையாகச் சொல்லாமல் விடுகிறார். அவருடைய கபோட்டி முதலில் கொலையாளிகளுக்கு வக்கீல் ஏற்பாடு செய்து கொடுக்கிறார். மேல்முறையீடுகள் இழுத்துக்கொண்டே போனதும் புத்தகத்துக்கு முடிவு கிடைக்காமல் தவிக்கிறார்; பெரி சாக வேண்டும், அப்போதுதான் புத்தகம் முடியும். உதவி கேட்டு வரும் தந்திகளைத் தட்டிக்கழிக்கிறார். எல்லாம் முடிந்தபின், அவர்களைக் காப்பாற்றத் தன்னால் எதுவும் செய்திருக்க முடியாது என்று ஹார்ப்பர் லீயிடம் போனில் புலம்புகிறார். இருக்கலாம், ஆனால் காப்பாற்ற நீ விரும்பவே இல்லையே என்கிறார் லீ.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் 'கபோட்டி'. இரண்டையும் பார்ப்பதென்றால் 'இன்ஃபேமஸை' முதலில் பாருங்கள். மாற்றிப் பார்த்தால் அந்தத் தோழிகளின் அரட்டையைப் பொறுத்துக்கொள்வது சிரமம்.