க்ளைமேட் எக்ஸ்ப்ளோரர்: ‘நூறாண்டு காணாத மழை’யைக் கணக்கிட்டுப் பார்க்க ஒரு கருவி

2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்தது நூறாண்டு காணாத மழை என்று சென்னையில் இன்றும் சொல்லப்படுகிறது. அந்த ‘நூறாண்டு’ என்ற எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தாமே கணக்கிட்டுப் பார்க்க விரும்புவோருக்கு, நெதர்லாந்து அரச வானிலை ஆய்வு நிறுவனத்தின் க்ளைமேட் எக்ஸ்ப்ளோரர் என்ற இணையக் கருவியைச் சில எச்சரிக்கைகளுடன் பரிந்துரைக்கிறேன்.

துகள் இயற்பியலில் தொடங்கிப் பிறகு எல் நினோ (வெப்பமண்டலப் பசிபிக் கடல்நீர் இயல்பைவிடச் சூடாகும் நிகழ்வு) பற்றிய ஆய்வுக்கு வந்த கேர்ட் யான் வான் ஓல்டன்பொர்க் என்ற காலநிலை அறிவியலாளர் 1999இல் இதை உருவாக்கினார். அவர் 2021 அக்டோபரில் தமது 59ஆம் வயதில் காலமானார். கருவியின் முகப்பு அந்த 1999ஐத்தான் இன்னும் நினைவூட்டுகிறது. அலங்காரம் எதுவும் இல்லை. எழுத்தும் தேர்வுப் பொத்தான்களும் மட்டுமே, அவையும் முழுக்க ஆங்கிலத்தில். கைப்பேசித் திரையில் பயன்படுத்துவது சிரமம். கட்டணம் கிடையாது.

இதன் சிறப்பு அதீத மழைக்கான பகுதியில் இருக்கிறது. ஒரு மழைமானி நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரே நாளில் பதிவான உச்ச மழையைப் பிரித்தெடுத்து, எவ்வளவு மழைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் ஒரு நிகழ்தகவுப் பரவலை அதற்குப் பொருத்தச் சொன்னால், அத்தகைய மழை சராசரியாக எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரலாம் என்பதைக் கருவி கணக்கிட்டுத் தருகிறது. ஒற்றை எண்ணோடு அது நிற்பதில்லை; உண்மையான எண் எதற்கும் எதற்கும் இடையில் இருக்கக்கூடும் என்று சொல்லும் 95 விழுக்காட்டு நம்பக எல்லைகளையும் சேர்த்தே காட்டுகிறது. தரவுத் தொடர் குறுகியதாக இருந்தால் மேல் எல்லை முடிவிலிக்கே போய்விடுவதும் உண்டு. ‘நூறாண்டு’ என்று நாம் உறுதியாகச் சொல்லும் எண் உண்மையில் எவ்வளவு அகலமான ஊகம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

அதே பரவலைப் புவியின் சராசரி வெப்பநிலையோடோ பசிபிக் கடலின் எல் நினோ குறியீட்டோடோ இணைத்தும் பார்க்கலாம். இயல்பான ஏற்றத்தாழ்வு வேறு, நீண்டகால மாற்றம் வேறு என்பது அப்போதுதான் கண்ணுக்குப் புலப்படும். எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை பொதுவாக வலுக்கும்; வலுவான எல் நினோ நிலவிய 2015 அதற்கு ஒத்துப்போனது, அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் அம்மழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. ஆனால் எல் நினோவுக்கு நேர்மாறாகப் பசிபிக் குளிரும் லா நினா நிலவிய 2021இல் மழை கொட்டித் தீர்த்தது. தொடர்பு உண்டு, அது தளர்வானது என்பதே சரி. ஓல்டன்பொர்க் உள்ளிட்ட குழுவினர் 2016இல் வெளியிட்ட சென்னை மழை பற்றிய ஆய்வு, அந்த ஒருநாள் மழையில் புவி வெப்பமாதலின் தாக்கம் கண்டறியப்படவில்லை என்றும், காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் பசுங்குடில் வாயுக்களின் விளைவை இதுவரை ஈடுசெய்து வந்தது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றும் கூறியது. எல்லா வெள்ளத்துக்கும் காலநிலை மாற்றத்தையே காரணம் காட்டப் பழகிவிட்ட நமக்கு இது சற்றுக் கசப்பான முடிவுதான்.

குறைகளும் சிறியவையல்ல. இந்திய நிலையங்களின் தினசரித் தரவில் இடைவெளிகள் அதிகம். ஓர் ஆண்டின் நவம்பர் நாள்கள் விடுபட்டிருந்தால் அவ்வாண்டின் உச்ச மழை பொய்யாகக் குறைந்து தோன்றும். பயனர்தான் இதைக் கவனித்து விலக்க வேண்டும். இடைவெளிக்கு அஞ்சி, நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சராசரி மழையைத் தரும் தரவுக்குப் போனால் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. அந்த டிசம்பர் நாளில் தாம்பரத்தில் 494 மில்லிமீட்டரும், ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தள்ளியுள்ள மீனம்பாக்கத்தில் 345 மில்லிமீட்டரும் பதிவாகின. சராசரி இந்த வேறுபாட்டை மழுக்கிவிடும். புள்ளியியல் தெரியாதவர் பொருத்தமற்ற பரவலைத் தேர்ந்தெடுத்தாலும் அழகான வரைபடம் ஒன்று வந்து நிற்பது இன்னும் ஆபத்தானது.

மேலும், இது மழையை அளக்கும் கருவியே தவிர வெள்ளத்தை அளப்பதன்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்று விநாடிக்கு ஏறத்தாழ 29,000 கனஅடி நீர் திறக்கப்பட்டதும், அடையாற்றின் கரைகளில் வீடுகள் நெருங்கிக் கிடந்ததும், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுருங்கிப்போனதும் இதன் எந்த வரைபடத்திலும் இடம்பெறா. நாளைய மழைக்கான எச்சரிக்கை வேண்டுவோர் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பையே பார்க்க வேண்டும்.

புவியியல், குடிசார் பொறியியல் மாணவர்களுக்கும் தரவு இதழியலில் ஈடுபடுவோருக்கும் இது மிகவும் பயன்படும். புதிதாகத் தொடங்குவோர் தினசரித் தரவை ஒத்திவைத்து, 19ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கும் சென்னையின் மாத மழைத் தொடரை எல் நினோ குறியீட்டோடு ஒப்பிடுவதிலிருந்து ஆரம்பிக்கலாம்; அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.